கீபோர்டில் ரேஸ் கேம் விளையாடும்போது பவர் அதிகமான கார்கள் சுழன்றுவிடுகின்றன. எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிப்பவர். சாதாரணக் காரை நன்றாக ஓட்டுகிறாராம். ஃபெராரி, டாட்ஜ் வைப்பர் மாதிரி வண்டியை எடுத்தால் மட்டும், வளைவு முடியும் இடத்தில் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது என்கிறார். ஸ்டீயரிங் வீல் வாங்க இப்போது காசு இல்லை, கீபோர்டிலேயே வழி உண்டா?

உண்டு. அந்த வழி இடது, வலது கீக்களில் இல்லை, கியரில் இருக்கிறது.

தர்மபுரியில் என் அக்கா பையனுக்கும் இதே தொல்லைதான். "மாமா, விட்டாலும் சுத்துது, அழுத்தினாலும் சுத்துது" என்பான். அவன் சொன்னது சரி, இரண்டுக்கும் காரணம் உண்டு. டயருக்கு இருக்கும் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. வளைவில் வண்டி வெளியே போகாமல் பிடித்துவைக்கவே அதில் பெரும்பகுதி செலவாகிவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தை வைத்துத்தான் வண்டியை முன்னால் தள்ள வேண்டும். கீபோர்டு கீக்கோ அழுத்தியது, அழுத்தாதது என்று இரண்டே நிலை. கால்வாசி ஆக்சிலேட்டர் என்பதே அதற்குத் தெரியாது. தொட்டதும் முழு பவரும் பின்சக்கரத்துக்குப் போகிறது, பிடிப்பு அறுந்து வால் சுழல்கிறது. பயந்து பாதி வளைவில் சட்டென்று விட்டால், எடை முன்பக்கம் சாய்ந்து பின்டயர் லேசாகிவிடும். அப்போதும் சுழலும்.

விரலால் பாதி கொடுக்க முடியாது, ஆனால் கியரால் கொடுக்கலாம். ஒரு வண்டியில் முதல் கியரின் விகிதம் 3, மூன்றாவது கியரின் விகிதம் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அதே முறுக்குவிசையைக் கொடுத்தாலும் மூன்றாவது கியரில் சக்கரத்துக்குப் பாதிதான் போய்ச் சேரும். நீங்கள் கீயை முழுசாக அழுத்தியிருந்தாலும் டயர் உணர்வது பாதி ஆக்சிலேட்டரைத்தான்.

அதனால் முதல் வேலையாக ஆட்டோமேட்டிக் கியரை நிறுத்துங்கள். மெதுவான வளைவில் அது தானாகவே இரண்டாவதுக்கோ முதலாவதுக்கோ இறக்கிவிடும், நீங்கள் சுழலும் இடமும் பெரும்பாலும் அதுதான். மேனுவலுக்கு மாறி, இரண்டாவது கியர் கேட்கும் வளைவை மூன்றாவதிலேயே எடுங்கள். கிளட்ச் மட்டும் ஆட்டோவில் இருக்கட்டும், அதற்கு வேறு ஒரு விரலை ஒதுக்க வேண்டாம். வெளியே வரும்போது எஞ்சின் கொஞ்சம் திணறுவதுபோல் சத்தம் வரும், வரட்டும். ஸ்டீயரிங் நேரான பிறகு முழுசாக அழுத்துங்கள்.

எந்தக் கியர் என்பதை வளைவுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். தொப்பூர் கணவாயில் லோடு லாரியை இறக்கும் அனுபவமுள்ள டிரைவர் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவார், பாதி இறக்கத்தில் கியரோடு மல்லுக்கு நிற்க மாட்டார். அவர் குறைக்கிறார், நீங்கள் ஒன்று கூட்டி வைக்கிறீர்கள். வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவது இரண்டுக்கும் பொது. பிரேக்கும் அப்படித்தான்: நேர்ப்பாதையில் பிடித்து, விட்டுவிட்டு, பிறகு திரும்புங்கள். முழு பிரேக்கையும் முழு ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் எந்தக் காரும் தாங்காது. ஏபிஎஸ்ஸையும் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் முதலாவதும், ஆக்சிலேட்டரில் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் இரண்டாவதும் பார்த்துக்கொள்ளும். உங்கள் விரலால் செய்ய முடியாத பாதி அழுத்தத்தை அவைதான் செய்கின்றன. அதைப் போட்டு ஓட்டினால் ஓட்டியதே கணக்கில்லை என்று சிலர் பேசுவார்கள், அதை நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம், "பவர் அதிகம்" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 1987இல் வந்த ஃபெராரி எஃப்40க்கு 478 குதிரைத்திறன். 2005இல் வந்த புகாட்டி வேரானுக்கு 1001. ஆனாலும் கீபோர்டில் வேரான்தான் எளிது. அதில் பவர் நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போகிறது, கூடவே எலக்ட்ரானிக் உதவிகளும் இருக்கின்றன. எஃப்40இல் எல்லாம் பின்சக்கரத்துக்கு மட்டும். ஏபிஎஸ்ஸும் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இல்லை. போதாக்குறைக்கு டர்போ வேறு: அழுத்தியதும் ஒன்றும் நடக்காது, "சரி, போதவில்லைபோல" என்று நினைக்கும் நேரத்தில் மொத்தமும் வந்து இறங்கும். கியரைக் கூட்டி வைப்பது இந்த வண்டிக்குத்தான் மிகவும் அவசியம், வருகிற அடி குறைந்துவிடும். 1992இல் விற்பனைக்கு வந்த முதல் வைப்பரிலும் ஏபிஎஸ் கிடையாது, 8 லிட்டர் எஞ்சினின் 400 குதிரைத்திறனும் பின்சக்கரத்துக்கே. ஆனால் டர்போ இல்லாததால் தொட்டவுடன் பதில் வரும், பழகுவது சுலபம். என்னைக் கேட்டால் வைப்பரில் பழகிவிட்டு எஃப்40க்குப் போங்கள்.

எந்த கேம் என்று நீங்கள் சொல்லவில்லை. 2005இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட் மாதிரி கேம் என்றால் அதுவே பாதியைச் சமாளித்துக்கொள்ளும். அசெட்டோ கோர்சா மாதிரி சிமுலேஷன் என்றால் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய், ஸ்டீயரிங் திரும்பும் வேகத்தைக் குறையுங்கள், கையை எடுத்ததும் நேராகும் வேகத்தை அதற்கு மேல் வையுங்கள். வால் வெளியே போனால் எதிர்ப்பக்கம் ஒரு தட்டு தட்டி உடனே விடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த நொடி மறுபக்கம் வீசும். ஃபோர்ஸா ஹொரைசன் என்றால் காரை டியூன் செய்யலாம்: ஃபைனல் டிரைவ் (எல்லாக் கியருக்கும் பொதுவான கடைசி விகிதம்) எண்ணைக் குறைத்தால் எல்லாக் கியரும் நீளமாகி, சக்கரத்துக்குப் போகும் இழுவை குறையும். பல கார்களை நான்கு சக்கர இழுவைக்கும் மாற்றிக்கொள்ளலாம். கீபோர்டுக்கு இந்த இரண்டுமே பெரிய உதவி.

இவ்வளவு செய்தும் சில நேரம் கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் கீபோர்டைச் சோதியுங்கள். விலை குறைந்த கீபோர்டுகளில் சில மூன்று கீக்களைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் பல கீபோர்டுகளில் இது நடக்கும். நோட்பேடைத் திறந்து ஏ, டபிள்யூ கீக்களை அழுத்திப் பிடித்தபடி ஸ்பேஸைத் தட்டிப் பாருங்கள். இடைவெளி விழுந்தால் அம்புக்குறிகளை விட்டுவிட்டு டபிள்யூ, ஏ, எஸ், டி கீக்களுக்கு மாறிக்கொள்ளலாம். கியர் மாற்றும் கீக்களை வலது கைக்குக் கொடுத்துவிடுங்கள், இடது கை ஸ்டீயரிங்கையும் ஆக்சிலேட்டரையும் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.