டேலியில் ஒரு தொகை, இணையதளத்தில் ஒரு தொகை: பவர் பிஐயில் எதை நம்புவது?

கேள்வி: கொத்தவால்சாவடியில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கு டேலியில் இருக்கிறது. மாதவரம் குடோன் இருப்பை அங்கிருக்கும் பையன் எக்செலில் எழுதுகிறான். ஓட்டல்களும் சில்லறைக் கடைகளும் எங்கள் இணையதளத்தில் ஆர்டர் போடுகிறார்கள். மூன்றையும் என் மகன் பவர் பிஐயில் (பல இடத்துக் கணக்கைச் சேர்த்து அறிக்கையாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) இணைத்திருக்கிறான். ஆனால் ஜூன் மாத விற்பனை மூன்று விதமாக வருகிறது, மிளகு இரண்டு வரியில் பிரிந்து நிற்கிறது, காலையில் திறந்தால் பழைய கணக்குதான் தெரிகிறது. இதே வேலையைச் செய்யும் ஜோஹோ அனலிட்டிக்ஸுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம், ஐயா. ஜோஹோ நம் ஊர் நிறுவனம், நல்ல மென்பொருள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போதுள்ள மூன்று தகராறும் உங்களோடு அங்கேயும் வரும். காரணம் மென்பொருளில் இல்லை, உள்ளே போகும் தகவலில் இருக்கிறது.

முதலில் ஜூன் மாத விற்பனை. ஒரு ஓட்டல் 50 கிலோ மிளகு கேட்கிறது, கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இணையதளத்தில் 5 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 36,750 ரூபாய் என்று பதிவாகும். டேலியில் விற்பனை லெட்ஜருக்குப் போவது 35,000 மட்டும். 1,750 வரி லெட்ஜருக்குப் போய்விடும். ஆர்டர் வந்தது ஜூன் 30, பில் போட்டது ஜூலை 2 என்றால் மாதமே மாறிவிடும். பாதியில் ரத்தான ஆர்டர் டேலிக்கு வரவே வராது. குடோன் எக்செலோ மூட்டைக் கணக்கு. அதை விலையால் பெருக்கி உங்கள் மகன் மூன்றாவது தொகையை எடுத்திருப்பார். மூன்றும் தப்பில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். அதனால் இன்றே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: விற்பனைத் தொகை டேலியிலிருந்து மட்டும், கையிருப்பு குடோன் கணக்கிலிருந்து மட்டும். இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டியது யார் என்ன கேட்டார்கள், அதில் எவ்வளவு நாம் அனுப்பவில்லை என்பது. அந்த அனுப்பாத அளவுதான் உங்களுக்குப் புதிதாகத் தெரியவரும் செய்தி. இவ்வளவு சிரமப்பட்டு மூன்றையும் இணைப்பதற்கு அதுவே போதுமான காரணம் என்பேன்.

அடுத்து, மிளகு. அதன் எச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்) 0904. எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னாலுள்ள பூஜ்ஜியத்தைத் தின்றுவிட்டு 904 ஆக்கிவிடும். டேலியில் 0904, குடோனில் 904, அப்புறம் எப்படி இரண்டும் சேரும்? சீரகம், கொத்தமல்லி 0909, மஞ்சள் 0910 என்று மசாலாச் சாமான் பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் உங்கள் தொழிலில் இந்தத் தொல்லை அதிகம். எக்செலில் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, பூஜ்ஜியம் போன எண்களைத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். பவர் பிஐயும் கோப்பைத் திறந்த உடனே எது எண், எது எழுத்து என்று தானாக ஊகித்து ஒரு 'சேஞ்ச்டு டைப்' படியைச் சேர்க்கும்; பவர் குவெரியில் (பவர் பிஐயில் தகவலைச் சீர்செய்யும் பகுதி) அதை நீக்கிவிட்டு எந்தப் பத்தி எண், எது எழுத்து என்று கையால் சொல்ல வேண்டும். தேதிப் பத்திக்கு 'யூஸிங் லொக்கேல்' போய் இங்கிலீஷ் இந்தியா என்று கொடுங்கள். இல்லையென்றால் ஜூன் 5 மே 6 ஆகிவிடும் ஆபத்து உண்டு.

பூஜ்ஜியம் சரியானாலும் எச்எஸ்என்னை வைத்து சரக்கை இணைக்காதீர்கள். 0904 மிளகுக்கும் காய்ந்த மிளகாய்க்கும் பொது. உங்களுக்கென்று ஒரு சரக்குப் பட்டியல் வேண்டும்: நீங்களே வைக்கும் குறியீடு, டேலியில் உள்ள பெயர், குடோனில் எழுதும் பெயர், இணையதளத்தில் உள்ள பெயர், மூட்டைக்கு எத்தனை கிலோ. இந்த ஒரு தாளைத் தயாரிப்பதுதான் மொத்த வேலையில் பெரிய வேலை. மகனிடம் மட்டும் விடாதீர்கள். 'மிளகு எம்ஜி1'ம் 'பெப்பர் கார்பிள்டு'ம் ஒரே சரக்கா என்பது கணினி தெரிந்தவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

வாடிக்கையாளருக்கும் இதே மாதிரிதான். பெயரை வைத்து இணைத்தால் 'ஸ்டோர்', 'ஸ்டோர்ஸ்' என்று ஒருவரே இருவராகிவிடுவார். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை வைத்து இணையுங்கள். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மூன்று கிளை வைத்திருக்கும் ஓட்டலுக்கு பெரும்பாலும் 33இல் தொடங்கும் அதே ஒரு எண்தான் இருக்கும், கிளைக்குத் தனிக் குறியீடு தேவை. அவர்களுக்கே புதுச்சேரியில் கிளை இருந்தால் அங்கே 34இல் தொடங்கும் வேறு எண். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடைகளுக்கு நீங்களே ஒரு எண் கொடுத்துவிடுங்கள்.

டேலியை இணைப்பது பற்றி. 9000ஆம் போர்ட்டில் ஓடிபிசி (ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்று தகவல் எடுக்கும் பொது வழி) வழியாக லெட்ஜர் பட்டியலும் சரக்குப் பட்டியலும் சுலபமாக வந்துவிடும், டேலி திறந்திருந்து கம்பெனியும் லோடாகி இருந்தால் போதும். பில் பில்லாக விவரம் வேண்டும் என்றால் டிடிஎல் (டேலியின் சொந்த நிரல்மொழி) அல்லது எக்ஸ்எம்எல் (தகவலைப் பரிமாறும் ஒரு வடிவம்) தெரிந்த ஆள் தேவை. உங்கள் கடைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து. விற்பனைப் பதிவேட்டை சரக்கு விவரத்தோடு ஆல்ட் ஈ அழுத்தி எக்செலாக எடுத்து, மாதத்துக்கு ஒரு கோப்பாக ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பவர் பிஐ ஃபோல்டரையே மூலமாக எடுத்துக்கொள்ளும். தினமும் அந்த மாதக் கோப்பின் மேலேயே சேமிக்க வேண்டும். 'ஜூன் புதுசு' என்று இன்னொரு கோப்பு உள்ளே கிடந்தால் ஜூன் விற்பனை இரட்டிப்பாகிவிடும்.

பின்தேதியிட்டுப் போடும் பில்லும் திருத்தமும் எல்லாக் கடையிலும் உண்டு. ஜிஎஸ்டிஆர் 1 என்ற விற்பனை விவர அறிக்கையை மாதாமாதம் போடுபவர்களுக்கு 11ஆம் தேதி கடைசி நாள் என்பதால், அதுவரை போன மாதக் கோப்பையும் தினமும் மறுபடி எடுங்கள். சரக்குத் திரும்பி வந்ததற்கான கிரெடிட் நோட் தனிப் பதிவேட்டில் இருக்கும். அதையும் எடுத்துக் கழித்தல் குறியோடு சேர்த்தால்தான் நிகர விற்பனை வரும்.

காலையில் பழைய கணக்கு வருவதற்கு வருவோம். பவர் பிஐயின் ஆன்லைன் சேவைக்கு உங்கள் கடைக் கணினி கண்ணில் படாது. நடுவில் 'கேட்வே' என்ற சின்ன மென்பொருளை அந்தக் கணினியில் நிறுவ வேண்டும். ஜோஹோவிலும் இதே வேலைக்கு 'டேட்டாபிரிட்ஜ்' உண்டு. கணினி ஓடிக்கொண்டிருந்தால்தான் கேட்வே வேலை செய்யும். கடை சாத்தும்போது மெயின் ஸ்விட்சை அணைப்பது உங்கள் வழக்கம் என்றால், விடியற்காலை புதுப்பிப்பு ஒருநாளும் நடக்காது. தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பு அட்டவணையையே நிறுத்திவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான். அதை மறுபடி இயக்கிவிட்டு, பகல் 11, மாலை 6 என்று கடை திறந்திருக்கும் நேரமாக வையுங்கள். புரோ என்ற கட்டண உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறை வரை வைக்கலாம். குடோன் கணக்கை கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றிவிட்டால் அதற்கு கேட்வேயே தேவையில்லை, பையனும் கைப்பேசியிலேயே எழுதலாம்.

இன்னொன்று: பவர் பிஐ ஆன்லைன் சேவையின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். 'இன்று' என்று சூத்திரம் போட்டிருந்தால் காலை 5.30 வரை நேற்றைய தேதியையே காட்டும். நீங்கள் அதிகாலையிலேயே கடை திறப்பவர், அதனால் மகனிடம் சொல்லி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளச் செய்யுங்கள்.

கடைசியாக இணையதளம். அதைச் செய்து கொடுத்தவரிடம், படிக்க மட்டும் உரிமையுள்ள தனி லாகின் கேளுங்கள். அட்மின் கடவுச்சொல்லை பவர் பிஐக்குள் கொடுக்கவே கூடாது. ஆர்டர் எண், தேதி, வாடிக்கையாளர் குறியீடு, சரக்குக் குறியீடு, அளவு, நிலை ஆகிய ஆறு பத்தி போதும். வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணும் முகவரியும் அறிக்கைக்குத் தேவையில்லாதவை, அவற்றை எடுக்கவே வேண்டாம்.