வாடையோடு வந்த புகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நல்லூர் வாசகர்: ஐயா, 2022 மார்கழியில் யாழ்ப்பாணத்தைப் பனிப்புகார் போல ஒரு புகை மூடிக்கிடந்தது. பெரிய தொழிற்சாலைகள் இல்லாத இடத்துக்கு அது எங்கிருந்து வந்தது?

பதில்: பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. வட இந்தியச் சமவெளியில் வயல் வைக்கோலும் நிலக்கரியும் வாகன எரிபொருளும் எரிந்து சேரும் நுண்துகள்கள் குளிர்காலத்தில் வங்காள விரிகுடாவுக்கு மேலாக நகர்வதுண்டு. அந்த நாட்களில் விரிகுடாவில் நிலைகொண்டிருந்த மண்டூஸ் புயலின் சுழற்சி அவற்றை எமது பக்கம் இழுத்துவந்தது. டிசம்பர் 9ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய இத்துகள்களுக்கு 24 மணிநேரச் சராசரியாக இலங்கை விதித்த எல்லை கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 15.

மானிப்பாய் ஆசிரியை: லண்டனில் இதைவிடக் கொடிய புகை மூடியதாகப் படித்தேன். அதை எப்படித் தீர்த்தார்கள்?

பதில்: 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அது நிகழ்ந்தது. குளிர்ந்த காற்று நிலத்தோடு ஒட்டிநிற்க, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொண்டதால், வீட்டு அடுப்புகளிலும் மின்நிலையங்களிலும் எரிந்த நிலக்கரியின் கரியும் கந்தகவீரொட்சைட்டும் வெளியேற வழியின்றித் தேங்கின. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணிக்கப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்துகின்றன. பிந்திய மரணங்களுக்கு அரசு தடிமன் காய்ச்சலைக் காரணம் காட்டியதும் வரலாற்றில் உண்டு. 1956இல் வந்த தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டு வலயங்களை அறிவித்ததோடு, வீட்டுக்காரர் அடுப்பை மாற்றுவதற்குப் பணமும் கொடுத்தது. தடையைவிட இந்தப் பணமே சட்டத்தை வீடுகளுக்குள் கொண்டுசென்றது என்பது எனது கருத்து. 1306 அளவிலேயே முதலாம் எட்வேர்ட் மன்னர், கடல்வழியாக லண்டனுக்கு வந்ததால் கடல்நிலக்கரி எனப்பட்ட நிலக்கரியைத் தடைசெய்திருந்தார். மாற்று எரிபொருள் மலிவாகக் கிடைக்காததால் அத்தடை நிலைக்கவில்லை.

அதே வாசகி: அப்படியானால் அயல்நாட்டுப் புகையை எந்தச் சட்டம் தடுக்கும்?

பதில்: இங்கேதான் சிக்கல். பிரித்தானிய மின்நிலையங்கள் உயர்ந்த புகைபோக்கிகளைக் கட்டியபோது உள்ளூர்க் காற்று தெளிந்தது. கந்தகமோ வடகடலைத் தாண்டி ஸ்கண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக விழுந்தது. சுவீடனின் மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன் 1967இல் இதை எடுத்துரைத்த பின்னர், 1979இல் ஜெனீவாவில் எல்லை கடந்த காற்று மாசுக்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. கந்தகத்தை 30 வீதம் குறைக்கும் 1985ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி நெறிமுறையில் பிரித்தானியா சேரவில்லை. தெற்காசியாவுக்கு, மாலைதீவின் தலைநகர் மாலேயின் பெயர்கொண்ட 1998ஆம் ஆண்டின் மாலே பிரகடனம் இருக்கிறது. ஆனால் எந்த நாடு எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

சாவகச்சேரி வாசகர்: தொண்ணூறுகளில் எமது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் புகை இன்றையதைவிட மோசமா?

பதில்: ஒரு வாகனத்தை எடுத்துப் பார்த்தால், ஆம். பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் பார்த்தவர்களுக்கு அந்த மணம் மறக்காது. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாததால் முழுமையாக எரியாமல் வெண்புகையாகக் கக்கும். ஆனால் அன்று வீதியில் ஓடியவை மிகச் சில, சைக்கிள்களே நிறைந்திருந்தன. இலங்கை 2002இல் ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டதும், பின்னர் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியதும் நல்ல மாற்றங்கள். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் கராச்சில் சீர்செய்யப்படும் வாகனத்தை அது திருத்தாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கோப்பாய் வாசகி: வளவுக் குப்பையைக் கொளுத்துவதும் கணக்கில் வருமா?

பதில்: வரும். சருகோடு பொலித்தீன் பைகளும் சேர்ந்து எரிவது சருகு மட்டும் எரிவதைவிடக் கெடுதியானது. சருகையும் பனையோலையையும் தாழ்த்துப் பசளையாக்குங்கள். பொலித்தீனைப் பிரித்துவைத்து உள்ளூராட்சிச் சபை வண்டியிடம் கொடுங்கள்.