முதல் முறை ஆற்றில் கயாக்கிங் போகிறேன். என்ன உடுத்துவது, என்ன வாங்குவது?

நிலம்பூர், தோழிகளோடு முதல் முறை, ஐந்தாயிரம் ரூபாய் பட்ஜெட், "கொஞ்சம் குண்டான உடம்பு" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் பயிற்சியாளரும் இல்லை, வீராங்கனையும் இல்லை. கூடலூர்க்காரி, நாற்பதைத் தாண்டியாயிற்று. நாத்தனாரை நிலம்பூர் பக்கத்து எடக்கரையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நாடுகாணி மலைச் சுரம் இறங்கினால் நிலம்பூரின் சாலியாறு. என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் அந்த ஐந்தாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். ஜூலை மழையில் கோழிக்கோடு ஜில்லா கோடஞ்சேரிப் பக்கம் நுரைக்குள் பாய்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் ஹெல்மெட், ஸ்ப்ரே ஸ்கர்ட் என்றெல்லாம் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது அங்கே சாலிப்புழை, இருவழிஞ்ஞிப்புழை என்ற ஆறுகளில் கைதேர்ந்தவர்கள் போட்டி போடும் நேரம். முதல் முறை போகிறவர்கள் மழை ஓய்ந்தபிறகு, ஆறு நிதானமாக ஓடும் இடத்தில்தான் இறங்க வேண்டும். பெரும்பாலும் மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுகிற திறந்த கயாக் படகுதான் தருவார்கள். ஸ்ப்ரே ஸ்கர்ட் என்பது தண்ணீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றி மூடுகிற உறை; அது இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்காருகிற மூடின கயாக்குக்கு; திறந்ததில் அதை மாட்ட இடமே கிடையாது. பாறையும் இழுப்பும் இருக்கிற பகுதி என்றால் ஹெல்மெட் கட்டாயம், அதை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கிற பைக் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது தண்ணீரை மொண்டுகொண்டு கழுத்தை இழுக்கும்.

துணி விஷயத்தில் ஒரே விதி, பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் கூடவே கூடாது. நாம் சுடிதாருக்குப் போடுகிற லெக்கின்ஸ் பாதிப் பேருக்கு ஏமாற்று. லைக்ரா என்று சொல்லித்தான் விற்பார்கள், உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பகுதி காட்டன் என்றிருக்கும். நனைந்தால் முட்டிக்குக் கீழே தொளதொளவென்று தொங்கும், தொடையை உரசும், சாயங்காலம் வரை காயாது. பாலியஸ்டர் அல்லது நைலான் டிராக் பேன்ட், மேலே முழுக்கை டி-ஷர்ட் போதும். மலப்புறம் ஜில்லா முழுக்கப் பந்தாட்டப் பைத்தியம், தெருவுக்குத் தெரு ஜெர்ஸிக் கடை. சில நூறு ரூபாய்க்கு முழுக்கை ஜெர்ஸி கிடைக்கும். முழுக்கை வெயிலுக்கு மட்டுமல்ல. துடுப்புப் போடும்போது லைஃப் ஜாக்கெட்டின் விளிம்பு அக்குளை அறுக்காமல் இருக்கவும்தான். துப்பட்டாவும் மோதிரமும் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியை நான் ஜெர்ஸிக்குள் போட்டுக்கொண்டேன், அது அவரவர் இஷ்டம்.

"கேரளத் தண்ணீர் வெதுவெதுப்பு, காட்டன் போட்டால் செத்தா போய்விடுவோம்?" என்று யாராவது வருவார்கள். சாக மாட்டீர்கள்தான். ஈரத் துணியோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து சாயங்காலம் சுரம் ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இப்போது அந்த லைஃப் ஜாக்கெட். நாங்கள் எட்டுப் பேர் போனபோது, கரையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே குவியலாகப் போட்டிருந்தார்கள். அங்கிருந்த பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தான். ஆரஞ்சு நிறம் வெயிலில் வெளிறிப் போயிருந்தது. ஜிப் பாதி ஏறி மார்புக்குக் கீழே நின்றுவிட்டது. பட்டைகளை முழுக்கத் தளர்த்தியும் பக்கிளின் இரண்டு முனையும் சேரவில்லை. "ஜிப் தொறந்து கிடந்தோட்டெ சேச்சி, குழப்பமில்ல. இவிட வெள்ளம் குறவா" என்றான். ஜிப் திறந்தே இருக்கட்டும், இங்கே தண்ணீர் குறைவு என்று அர்த்தம். பக்கத்தில் இருந்த இன்னொருவன் சிரித்தான். எங்கள் கூட்டம் அதற்குள் பாதி ஏறிவிட்டது. என் வீட்டுக்காரரே "சும்மா மேலே போட்டுக்கோ, எல்லாரும் காத்திருக்காங்க" என்றார்.

நான் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கயாக் மேல் உட்கார்ந்துகொண்டேன். பூட்டாத ஜாக்கெட், தண்ணீரில் விழுந்ததும் ஆளை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும். என் அளவுக்கு வந்தால் இறங்குகிறேன், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போய் வேறு ஷெட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தார்கள். அது ஒழுங்கான கயாக் ஜாக்கெட். கைக்குழி அகலம், இடுப்போடு நிற்கிற நீளம், பக்கவாட்டில் இழுத்து இறுக்கப் பட்டைகள், உள்பக்க லேபிளில் நெஞ்சளவும் 50 நியூட்டன் என்றும் போட்டிருந்தது. எல்லாவற்றையும் பூட்டியபிறகு நாத்தனார் பின்னால் நின்று ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினாள். அசைந்ததே தவிர, காது வரை ஏறவில்லை. நீங்களும் இதைக் கரையிலேயே செய்து பாருங்கள். ஏறினால் தண்ணீரிலும் ஏறும்.

50 நியூட்டன் என்றால் சுமார் ஐந்து கிலோவைத் தூக்கும் மிதப்பு. எண்பது கிலோ ஆளுக்கு ஐந்து கிலோவா என்று பயப்பட வேண்டாம், தண்ணீருக்குள் நம் எடை சில கிலோதான். இன்னொன்று, கொழுப்பு மிதக்கும். ஒல்லிக்குச்சிகளைவிட நம் மாதிரி ஆட்களுக்கு மிதப்பது சுலபம். நாம் பெரிய அளவு கேட்பது மிதக்க இல்லை, பூட்ட. ஆனால் 50 என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு, உதவி பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு. நீச்சல் தெரியாதென்றால் முதலிலேயே சொல்லி 100 நியூட்டன் போட்டதைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கயாக்குக்கும் எடை வரம்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

அன்று மணல் திட்டுப் பக்கம் திருப்பும்போது கவிழ்ந்தேன். சிரித்தவன்தான் துடுப்பைப் பிடித்துக் கொடுத்தான். ஜாக்கெட் தாடைக்குக் கீழே இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நாடா கட்டியிருந்ததால் கண்ணாடியும் மூக்கிலேயே இருந்தது.

"எங்க பாட்டி எந்த ஜாக்கெட்டும் இல்லாமல் ஆற்றில் நீந்தினாள்" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: பாட்டிக்கு அந்த ஆற்றின் ஒவ்வொரு குழியும் தெரியும். எனக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் சில்லறை. ரப்பர் செருப்பு முதல் கவிழ்தலிலேயே போய்விடும், பழைய கேன்வாஸ் ஷூ போதும். இழுப்புள்ள தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதந்து வாருங்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், தண்ணீரிலிருந்து புண் வழியாகத் தொற்றுகிற எலிக்காய்ச்சல் கேரளத்தில் விளையாட்டில்லை. போனுக்குத் தண்ணீர் புகாத டிரை பேக், அதன் வாயை மூன்று மடிப்புச் சுருட்டிப் பூட்ட வேண்டும். துவட்டிக்கொள்ள ஒரு தோர்த்து, மாற்றுத் துணி. பெண்கள் துணி மாற்ற ஒரு மறைப்புகூட இல்லாத கரைதான் எங்களுக்கு வாய்த்தது, எதற்கும் ஒரு நைட்டி எடுத்துப் போங்கள்.

பணத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. எட்டுப் பேருக்கும் சேர்த்து நான்தான் கட்டினேன். "நைட்டு ஜீபே பண்றேன் அக்கா" என்ற இரண்டு பேர் இன்றுவரை பண்ணவில்லை. ஒருத்தி அன்று எடுத்த போட்டோவைத்தான் இன்னமும் வாட்ஸ்அப் டிபியாக வைத்திருக்கிறாள். பங்கை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

புக் செய்வதற்கு முன் நெஞ்சளவை டேப் வைத்து எடுத்து, போனிலேயே சொல்லி, அந்த அளவு ஜாக்கெட்டின் லேபிளைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாம் ஃப்ரீ சைஸ்தான்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.