டிஸ்னி வேர்ல்டில் லைட்னிங் லேன் வாங்கினால் வரிசையில் நிற்கவே வேண்டாமா? எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: டிசம்பரில் சென்னையிலிருந்து ஆர்லாண்டோ போகிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே என் அப்பா அம்மா. டிஸ்னி வேர்ல்டுக்கு 4 நாள் ஒதுக்கியிருக்கிறோம். லைட்னிங் லேன் எல்லா நாளும் வாங்கணுமா? முன்பதிவு எப்படிச் செய்வது?

பதில்:

லைட்னிங் லேன் என்பது காசு கொடுத்து ரைடுகளில் குறுகிய வரிசை வழியாகப் போகும் வசதி, அதை நான்கு நாளுக்கும் வாங்க வேண்டாம். டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் நான்கு பார்க்குகளில் மேஜிக் கிங்டமுக்குக் கண்டிப்பாக வாங்குங்கள், ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் வாங்குங்கள், எப்காட்டுக்கு நீங்கள் காலையில் எழுந்திருக்கும் ஆளா இல்லையா என்பதைப் பொறுத்தது, அனிமல் கிங்டமுக்குத் தேவையே இல்லை. நான் ஃப்ளோரிடாவில் இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டாவது நாளே பேச்சு டிஸ்னியில்தான் வந்து நிற்கும், அதனால் முன்பதிவு செய்யும் டிஸ்னி ஆப்போடு மல்லுக்கட்டுவது எனக்குப் பழகிப்போன வேலை.

முதலில் ஒரு விஷயம். பெங்களூர் வொண்டர்லாவில் கூடுதல் காசு கொடுத்து ஃபாஸ்ட்ராக் டிக்கெட் எடுத்துவிட்டு நினைத்த நேரத்துக்கு நினைத்த ரைடில் ஏறுவது போல இங்கே முடியாது. இங்கே காசு கொடுத்து வாங்குவது ஒரு நேரம். இந்த ரைடுக்கு 10:20 முதல் 11:20க்குள் வாருங்கள் என்று ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் போனால் குறுகிய வரிசை வழியாக விடுவார்கள். அங்கேயும் பத்து இருபது நிமிடம் நிற்கத்தான் வேண்டியிருக்கும். ஆக, எந்த ரைடுக்கு எந்த நேரத்தைப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே காசு கொடுத்து ஒரு குடும்பம் பத்து ரைடு ஏறும், இன்னொரு குடும்பம் நாலோடு திரும்பும்.

யூடியூபில் பழைய வீடியோ பார்த்துத் திட்டம் போடாதீர்கள். 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாகத் தொடங்கினார்கள், 2020இல் கொரோனாவோடு அது நின்றது, 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் காசாக்கினார்கள், 2024 ஜூலையில் விதிகளையும் மாற்றி லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜீனி பிளஸ் காலத்து அறிவுரையில் பாதி இப்போது செல்லாது.

இப்போது முக்கியமாக இருப்பது இரண்டு வகை. மல்டி பாஸ் பல ரைடுகளுக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு ஒரு விலை. பார்க்கைப் பொறுத்தும் தேதியைப் பொறுத்தும் ஏறி இறங்கும், மேஜிக் கிங்டம்தான் அதிகம், கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாமே எகிறும். ஆளுக்கு 30 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு 180 டாலர், வரி தனி. அடுத்தது சிங்கிள் பாஸ். கூட்டம் அள்ளும் சில ரைடுகளை மல்டி பாஸில் சேர்க்காமல் தனியாக விற்கிறார்கள்: மேஜிக் கிங்டமில் டிரான், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயின், எப்காட்டில் காஸ்மிக் ரிவைண்ட், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ், அனிமல் கிங்டமில் ஃப்ளைட் ஆஃப் பாசேஜ். இதை ஒரு நாளைக்கு இரண்டு வரைதான் ஒருவர் வாங்க முடியும். பிரீமியர் பாஸ் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு, நேரமே குறிக்காமல் எல்லா ரைடுக்கும் ஒரு முறை போகலாம். 2024 அக்டோபரில் அதை அறிமுகப்படுத்தும்போதே நாளையும் பார்க்கையும் பொறுத்து ஆளுக்கு 129 முதல் 449 டாலர் வரை. ஆறு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

முன்பதிவு திறக்கும் நேரம் ஆர்லாண்டோ நேரப்படி காலை 7 மணி. டிசம்பரில் அது இந்தியாவில் மாலை 5:30. டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்கினால் செக்இன் தேதிக்கு 7 நாள் முன்பே திறக்கும், வெளியே தங்கினால் அந்தந்த நாளுக்கு 3 நாள் முன்பு. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குத் தங்கும் நாட்கள் முழுவதற்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடும் என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. அதாவது முதல் நாளுக்கு 7 நாள் முன்பு பதிகிறீர்கள் என்றால் நான்காவது நாளுக்குப் பதியும்போது அது 10 நாள் முன்பதிவு. அந்தத் தேதிக்கு உங்களுக்கு முன்னால் பதிந்தவர்கள் குறைவு, நல்ல நேரமெல்லாம் அப்படியே கிடக்கும். ஆகவே கஷ்டமான பார்க்கைக் கடைசி நாட்களில் வையுங்கள், லேசானதை முதல் நாளில் வையுங்கள். விமானத்தில் வந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் முதல் நாளுக்கு அதுதான் சரியும் கூட.

வெளியே தங்குகிறீர்கள் என்றால் அந்த 3 நாள் முன்பு என்பது நீங்கள் விமானத்தில் இருக்கும் நேரமாகவே அமைந்துவிடலாம். ஆப்பில் குடும்பம், நண்பர்கள் பட்டியல் இருக்கிறது, எல்லார் டிக்கெட்டையும் அதில் இணைத்துவிட்டால் ஒருவரே ஆறு பேருக்கும் பதியலாம். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாரையாவது அதில் சேர்த்து அவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். கார்டு விவரத்தை அதற்கு முந்தைய நாளே ஆப்பில் ஏற்றி வையுங்கள், 7 மணிக்கு ஓடிபி வராமல் நிற்பதைவிட எரிச்சலான காரியம் வேறில்லை.

இனி முக்கியமான சங்கதி. முன்கூட்டியே ஒரே பார்க்கில் மூன்று ரைடுகளுக்கு நேரம் எடுக்கலாம். அனிமல் கிங்டம் தவிர மற்ற மூன்றிலும் ரைடுகளை இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள், அதிகம் பேர் தேடும் ரைடுகள் இருக்கும் மேல் அடுக்கில் ஒன்று, கீழ் அடுக்கில் இரண்டு, அவ்வளவுதான். ஆனால் பார்க்குக்குள் போய் அந்த மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தியதும் நான்காவதை எடுக்கலாம், அந்த நான்காவதுக்கு அடுக்குக் கணக்கே கிடையாது. இன்னொன்றைப் பயன்படுத்தினால் இன்னொன்று. இப்படியே இரவு வரை போகும். ஒரே ரைடில் இரண்டாவது முறை மட்டும் கிடையாது.

இதைப் புரிந்துகொண்டால் எதை எப்போது எடுப்பது என்பது தானாக விளங்கும். நம்மாட்கள் என்ன செய்வார்கள் என்றால், காலையில் நிதானமாகப் போகலாம் என்று மூன்றையும் மதியம் 2 மணி, 4 மணி, 6 மணி என்று எடுப்பார்கள். 2 மணி வரை நான்காவதை எடுக்க வழியில்லை, அதற்குள் மேல் அடுக்கு ரைடுகளெல்லாம் தீர்ந்திருக்கும் அல்லது ராத்திரி 9 மணிக்குக் காட்டும். அப்படிச் செய்யாதீர்கள். கீழ் அடுக்கில் எடுக்கும் இரண்டில் ஒன்றை, அது சாதாரண ரைடாக இருந்தாலும் பரவாயில்லை, பார்க் திறந்த முதல் மணி நேரத்துக்கு எடுங்கள். அது சாவி மாதிரி. மேஜிக் கிங்டமில் 9:15க்கு பஸ் லைட்இயர் ரைடு போன்ற ஒன்றில் நுழைகிறீர்கள், வாசலில் இருக்கும் தூணில் மிக்கி தலை வடிவத்தில் ஒரு வட்டம் இருக்கும், டிக்கெட் கார்டையோ டிஸ்னி கைப்பட்டையையோ போனையோ அதில் வைத்தால் பச்சை விளக்கு சுற்றி வரும், பச்சை வந்த மறுநொடி வரிசையில் நடந்துகொண்டே ஆப்பைத் திறந்து நான்காவதைத் தேடுங்கள். ரைடு முடிந்து வெளியே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் காட்டும் நேரத்தை எடுத்துவிடவும் வேண்டாம், எங்கோ யாராவது ரத்து செய்துகொண்டே இருப்பார்கள், மாலை 4:10 என்று காட்டியது நாலு தடவை புதுப்பித்தால் 11:30 ஆகிவிடும். இதற்குப் பொறுமை வேண்டும், குடும்பத்தில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பார் என்று மற்றவர்கள் சகித்துக்கொள்ளவும் வேண்டும்.

பச்சைக்குப் பதில் நீலம் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் நேரத்துக்கு முன்னால் வந்திருப்பீர்கள் அல்லது ஒருவர் கார்டை இன்னொருவர் வைத்திருப்பீர்கள், பக்கத்தில் டேப்லெட்டோடு நிற்பவர் பார்த்துச் சொல்வார். அப்புறம், அப்பா ஒரு ரைடில் ஏறாமல் வெளியே உட்கார்ந்துவிட்டால் அவர் பெயரில் அது பயன்படுத்தாததாகவே நிற்கும், அடுத்ததை ஆறு பேருக்கும் சேர்த்து எடுக்கப் போனால் அவர் பெயரில் இடிக்கும். அவர் பதிவை மட்டும் ரத்து செய்துவிடுங்கள்.

அதனால்தான் ஆறு பேருக்கும் வாங்க வேண்டுமா என்பதையே பார்க் வாரியாக யோசிக்கச் சொல்கிறேன். மேஜிக் கிங்டமில் ஆறு பேருக்கும் வாங்குங்கள். ஜங்கிள் குரூஸ், பீட்டர் பான்ஸ் ஃப்ளைட் இரண்டும் பெரியவர்கள் ஆசையாக ஏறக்கூடியவை, இரண்டும் மேல் அடுக்கு. பீட்டர் பான் மூன்று நிமிடம்கூட ஓடாது, ஆனால் ஒரு கப்பலில் இரண்டு மூன்று பேர்தான் உட்கார முடியும் என்பதால் வரிசை நகரவே நகராது, ஒரு மணி நேரம் நிற்பது சர்வ சாதாரணம். மாறாக பைரேட்ஸ் ஆஃப் த கரீபியனில் பெரிய பெரிய படகுகள், வெளியே வரிசை நீளமாகத் தெரிந்தாலும் மளமளவென்று நகரும், அங்கே உங்கள் மூன்றில் ஒன்றை வீணடிக்காதீர்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காதீர்கள், ஒரு நேரத்தில் எத்தனை பேரை ஏற்றுகிறது என்று பாருங்கள். முன்பதிவில் டியானாஸ் பேயூ அட்வென்ச்சர் எடுப்பதா, பீட்டர் பான் எடுப்பதா என்றால், உங்கள் கூட்டத்துக்கு பீட்டர் பான். டியானா தண்ணீரில் நனைக்கும், டிசம்பர் காலையில் அம்மாவுக்கு அது வேண்டாம்.

ஹாலிவுட் ஸ்டூடியோஸில் தாத்தா பாட்டிக்கு ஏற ரைடு குறைவு, உங்கள் நாலு பேருக்கு மட்டும் வாங்கினால் போதும். அங்கே மேல் அடுக்கில் ஸ்லிங்கி டாக் டாஷ்தான் முதலில் தீரும், எந்த நேரம் கிடைத்தாலும் அதை எடுத்துவிடுங்கள், இது ஒன்றுக்கு மட்டும் காலை நேரம் என்ற விதியை நான் பார்ப்பதில்லை. கீழ் அடுக்கில் டாய் ஸ்டோரி மேனியாவைக் காலையில் வைத்து அதைச் சாவியாக்குங்கள். ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் அடிக்கடி பழுதாகி நிற்கும். நீங்கள் எடுத்த நேரத்தில் மல்டி பாஸ் ரைடு ஏதாவது இப்படி நின்றுவிட்டால் அந்தப் பதிவு வேறு ரைடுகளில் அன்று பயன்படுத்தும்படி மாறிவிடும், எதெதில் செல்லும் என்று ஆப்பிலேயே பட்டியல் காட்டும். நஷ்டமில்லை, பல நேரம் லாபம்தான்.

எப்காட்டில் மேல் அடுக்கில் நல்லவை சில, அதில் ஒன்றுதான் முன்கூட்டிக் கிடைக்கும், கீழ் அடுக்கில் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் வரிசையே இருக்காது. காலையில் திறக்கும்போதே வாசலில் நின்று ரெமி, ஃப்ரோசன் ரைடுகளில் ஒன்றை முடித்துவிடுவீர்கள் என்றால் காசு மிச்சம். அனிமல் கிங்டமில் விடிந்ததும் ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கு ஓடுங்கள், அடுத்து சஃபாரி. காலையில்தான் விலங்குகளும் நடமாடும். மதியத்துக்குள் பார்க்கே முடிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் சின்னவரின் உயரத்தை அளந்து பாருங்கள், வயது இங்கே கணக்கில்லை. ஸ்லிங்கியும் மைன் டிரெயினும் 97 செ.மீ., டியானாவும் ரைஸும் 102, ஸ்பேஸ் மவுண்டனும் ஃப்ளைட் ஆஃப் பாசேஜும் 112, டிரான் 122. 5 வயதுப் பிள்ளை 112க்கு ஒரு விரற்கடை குறைவாக இருந்தால் வாசலில் அளவுக்கோலோடு நிற்பவர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார், கெஞ்சிப் பயனில்லை. அந்த மாதிரி ரைடுகளுக்கு ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். ஒருவர் சின்னவரோடு வெளியே நிற்க, மற்றவர்கள் சாதாரண வரிசையில் போய் ஏறிவிட்டு வருவார்கள், பிறகு நின்றவர் லைட்னிங் லேன் வழியாகப் போகலாம், அதற்குத் தனிக் காசில்லை. மூத்தவர் இரண்டு தடவையும் ஏறிக்கொள்ளலாம், அந்த ஒரு சலுகைக்காகவே பையன்கள் தம்பி தங்கை வளராமல் இருக்க வேண்டுவார்கள்.

எந்த ரைடு மூடியிருக்கிறது என்பதையும் போகும் வாரத்தில் பாருங்கள். பிக் தண்டர் மவுண்டன் 2025 ஜனவரியில் பராமரிப்புக்கு மூடியது வருடம் முழுவதும் திறக்கவில்லை, அதை நம்பித் திட்டம் போட்டு வந்தவர்கள் உண்டு.

டிசம்பர் என்பதால் இன்னொன்று. மேஜிக் கிங்டமில் சில இரவுகளில் தனி டிக்கெட் போட்டு கிறிஸ்துமஸ் பார்ட்டி நடக்கும், அன்று சாதாரண டிக்கெட்காரர்களை 6 மணியோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். வாணவேடிக்கை பார்க்க முடியாது என்று பலர் அந்த நாளைத் தவிர்ப்பதால் பகலில் கூட்டம் நன்றாகவே குறையும். ரைடுதான் முக்கியம் என்றால் அப்படி ஒரு நாளில் போங்கள், வாணவேடிக்கைக்கு எப்காட் ராத்திரியை வைத்துக்கொள்ளலாம். பார்ட்டி தேதிகளை டிஸ்னி தளத்தில் மாதங்களுக்கு முன்பே போட்டுவிடுவார்கள். எந்த நாள் எந்த பார்க் என்று முடிவு செய்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த பார்ட்டிகள் கிடையாது.