முடிவோடுதான் போக வேண்டும் என்பதில்லை

கேள்வி: எனக்கு 25 வயது. கோவையில் வேலை பார்த்துக்கொண்டு, பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். ஊரில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கல்லூரியில் உடன் படித்த ஒரு பெண்ணின் மேல் எனக்கு இருந்த ஈர்ப்பை வெறும் தோழமை என்றே நினைத்துக் கடந்துவிட்டேன். இப்போது அலுவலகத்தில் ஒரு தோழியிடம் அதே உணர்வு. பள்ளி நாட்களில் ஒரு பையனையும் பிடித்திருந்தது. எனக்கே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. மனநல ஆலோசகரிடம் போனால் வீட்டில் சொல்லிவிடுவாரோ, மருந்து கொடுத்து மாற்றப் பார்ப்பாரோ என்று பயமாக இருக்கிறது. பேச்சை எப்படித் தொடங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் தமக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுத்தான் ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று எண்ணி, அந்த முடிவு வராத காரணத்தாலேயே பல ஆண்டுகளைத் தனியாகத் தவித்துக் கழிப்பவர்கள் உண்டு. நீங்கள் அப்படிக் காத்திருக்க வேண்டாம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதே ஆலோசகரிடம் போகப் போதுமான காரணம். ஆணிடமும் ஈர்ப்பு வந்தது, பெண்ணிடமும் வந்தது என்றால் இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மாற்றிவிடுவார்களோ என்ற உங்கள் பயம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். அப்படி முயன்றவர்கள் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். ஆனால் சட்டமும் மருத்துவமும் இன்று உங்கள் பக்கம் நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதம், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்து, அப்படிச் செய்பவர்களின் உரிமத்தை ரத்துசெய்வது வரை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. அந்த ஆணையை எழுதுவதற்கு முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று பேசினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே கூச்சமில்லாத ஒரு காரியத்தில் உங்களுக்கும் கூச்சம் வேண்டாம். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையமும் பாலீர்ப்பை மாற்ற முயலும் இத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

ரகசியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வயது வந்த ஒருவர் பேசியதை அவர் சம்மதமில்லாமல் பெற்றோரிடம் சொல்வது தொழில்நெறிக்குப் புறம்பானது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சூழல்களே விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகள் எவை என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடைமுறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் மருத்துவமனைகளில் கூட வருபவரும் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முடிந்தால் தனியாகச் செல்லுங்கள். யாராவது உடன் வந்தால், “டாக்டர், நான் தனியாகப் பேச வேண்டும்” என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டு எண்ணைத் தராமல் உங்கள் கைப்பேசி எண்ணை மட்டும் கொடுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன்பே, தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டுவிடலாம். உங்கள் தகுதியும் பதிவும் என்ன? பாலீர்ப்பு குறித்த குழப்பத்தோடு வருபவர்களுக்கு எப்படி உதவுகிறீர்கள்? ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்றோ, ‘சில மாதங்களில் மாற்றிவிடலாம்’ என்றோ பதில் வந்தால் அங்கே போகாதீர்கள். முதல் ஆலோசகர் ஒத்துவரவில்லையென்றால் வேறொருவரைத் தேடுவதில் தவறே இல்லை. நேரில் போகும் துணிவு வரும்வரை, மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

பேச்சைத் தொடங்க வார்த்தை வராவிட்டால், எனக்கு எழுதிய இதே கடிதத்தை எடுத்துச் சென்று படியுங்கள், அல்லது அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நல்ல ஆலோசகர் உடனே உங்களுக்கு ஒரு பெயர் சூட்ட முனைய மாட்டார். அந்தத் தோழியின் அருகில் இருக்கும்போது மனம் எப்படி இருக்கிறது, வரன் பேச்சு எழும்போது உடலில் என்ன நடக்கிறது, எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறீர்கள் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்பார். சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். விடை உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

அதற்குள் நிச்சயம் வரை போய்விடக் கூடாது என்பதுதான் எனக்குள்ள ஒரே அவசரம். தெளிவில்லாத மனதோடு செய்துகொள்ளும் திருமணம் உங்களை மட்டுமல்ல, ஒன்றும் அறியாத இன்னொருவரையும் வதைக்கும். வீட்டில் முழுக் காரணத்தையும் இப்போதே சொல்ல வேண்டியதில்லை. “என் மனம் இன்னும் தயாராகவில்லை, எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்” என்று அம்மாவிடமோ, உங்கள் பேச்சுக்குக் காது கொடுக்கும் அத்தை, சித்தி யாரிடமோ சொல்லி, ஜாதகம் வெளியே போவதை முதலில் நிறுத்தி வையுங்கள்.