ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணைக்கும் பெட்டி) கார்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்களிடம் பானசோனிக் டிஇஎஸ்824 இருக்கிறது. 3 லைன் (வெளி இணைப்பு), 8 எக்ஸ்டென்ஷன் (உள் போன்). கார்டு மாட்டி எதுவரை கூட்டலாம்?

ப: 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை. 30 தேவைப்படும் என்று இப்போதே தெரிந்தால் கார்டில் காசைப் போடாதீர்கள், பெரிய சிஸ்டமாக வாங்குங்கள்.

கே: அதே பெட்டியில் பிஆர்ஐ (டிஜிட்டல் லைன்) கார்டு போடலாமா?

ப: முடியாது. அது அனலாக் லைனுக்கான பெட்டி.

கே: புது 8 போர்ட் கார்டில் சாதாரண போன் பேசுகிறது, கீபோனில் (பட்டன்களும் டிஸ்பிளேயும் உள்ள கம்பெனி போன்) டிஸ்பிளே வரவில்லை. கார்டு பழுதா?

ப: மாடல் எண்ணை எழுதாமல் இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்வது? 82474, 82480 இரண்டும் எஸ்எல்டி, அதாவது சாதாரண போனுக்கான கார்டு, கீபோன் ஓடாது. 82483-இல் ஓடும், ஆனால் 4 வயர் போயிருக்க வேண்டும்.

கே: பவரை நிறுத்தாமல் கார்டை மாட்டினால் ஒன்றும் ஆகாது என்கிறார் டெக்னீஷியன்...

ப: இந்தச் சின்னப் பெட்டிகளில் கூடவே கூடாது. பவரை நிறுத்துங்கள், வெளி லைன்களையும் கழற்றுங்கள். பெட்டி அணைந்திருந்தாலும் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 48 வோல்ட் வந்துகொண்டுதான் இருக்கும். மணி அடித்தால் இன்னும் ஏறும்.

கே: யூபிஎஸ் வைத்தும் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் லைன் கார்டு போய்விடுகிறது. கம்பெனி சரியில்லையா?

ப: கம்பெனியைத் திட்டுகிறீர்கள், எர்த் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். யூபிஎஸ் காப்பது கரண்ட் வழியை மட்டும். பக்கத்தில் இடி விழுந்தால் சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) டெலிபோன் கம்பி வழியாகவும் வரும். காவலாளி அறைக்கு வெளியே தொங்கவிட்டு இழுத்த எக்ஸ்டென்ஷன் கம்பியும் அதற்கு ஒரு வாசல். எம்டிஎஃப்பில் (கம்பிகள் எல்லாம் வந்து சேரும் இடம்) க்ரோன் (கம்பி செருகும் கட்டை) மேல் ஜிடிடி (சர்ஜைத் திருப்பிவிடும் வாயுக் குழாய்) போடுங்கள். ஆனால் ஜிடிடி சர்ஜை எர்த்துக்குத்தான் தள்ளும். எர்த் இல்லையென்றால் அது இருந்தும் பயனில்லை. பல ஆபீஸ்களில் பெட்டியின் எர்த் திருகு காலியாகவே கிடக்கிறது. சில இடங்களில் அதை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நியூட்ரல் அறுந்தால் பெட்டியின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும், தொடுகிறவர் உயிர் போகும். கட்டடத்தின் எர்த் பாரிலிருந்து பெட்டிக்கும் எம்டிஎஃப்புக்கும் தடித்த பச்சை வயர் இழுங்கள். எர்த் டெஸ்டரில் 5 ஓமைத் தாண்டினால் எர்த் குழியைச் சரிசெய்யுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். சில நூறு ரூபாய் வயரை மிச்சம் பிடித்துவிட்டு, வருஷாவருஷம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கார்டு விற்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

கே: ஃபைபர் மோடத்தின் போன் போர்ட்டை லைன் கார்டில் கொடுக்கலாமா?

ப: கொடுக்கலாம். மோடத்துக்கும் யூபிஎஸ் கொடுங்கள். கார்டைத் தொடும் முன் பவரை நிறுத்துங்கள், எர்த்தைப் பாருங்கள்.