குவாங்லிங் சான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூன்றாம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் ஜி காங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சாவதற்கு முன் அவர் வாசித்த ‘குவாங்லிங் சான்’ இசையை யூடியூபில் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் துக்கமே வரவில்லை. முரட்டுத்தனம்தான் தெரிந்தது. என் காது சரியில்லையா? அப்புறம் இன்னொன்று. இசையில் துயரமே இல்லை என்று வாதாடியவர் கடைசி நேரத்தில் ஏன் இசையைத் தேடினார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. ஜி காங் இருந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்.

‘ஒலியில் துயரமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை’ என்ற அவருடைய கட்டுரை, ஒரு விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் வாக்குவாதம். நல்லாட்சியின் இசை அமைதியாக இருக்கும், அழியும் நாட்டின் இசை அழும் என்று விருந்தாளி பழைய பாடத்தைச் சொல்கிறார். வீட்டுக்காரர் மதுவைக் காட்டுகிறார். இனிப்பும் கசப்பும் மதுவில் இருக்கலாம், குடித்தவனின் சிரிப்பும் கோபமும் மதுவிலா இருக்கின்றன? ஒரே விருந்தில், ஒரே வாசிப்பைக் கேட்டு ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் அழுகிறான். வேகம், நிதானம், உரப்பு, மென்மை இவைதான் ஒலியின் சொத்து. அவை நம்மைப் பரபரப்பாக்கும் அல்லது அடங்க வைக்கும். துக்கம் நாம் வரும்போதே கொண்டுவந்தது.

அவர் சொன்னதற்கு இந்த இசையே சாட்சி. குசின் ஏழு தந்தி வாத்தியம். குவாங்லிங் சானுக்கு அதன் இரண்டாம் தந்தியைத் தளர்த்தி முதல் தந்தியின் சுருதிக்கே கொண்டுவருவார்கள். கனத்த தந்திகள் இரண்டும் சேர்ந்து முழங்கும். நீங்கள் சொன்ன முரட்டுத்தனத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூ ஷி என்ற கன்ஃபூசிய அறிஞருக்கு இதில் வேறு எரிச்சல். முதல் தந்தி அரசன், இரண்டாவது அமைச்சன், அமைச்சன் அரசனை மீறலாமா! தந்தியில் ராஜதுரோகத்தைக் கேட்ட காது.

சரி, மரணத்துக்கு வருவோம். நண்பர் லியூ ஆன்மீது அவருடைய அண்ணனே பொய்க் குற்றம் சுமத்தினான். ஜி காங் நண்பருக்காகப் பேசப்போய்ச் சிக்கினார். முன்பொருமுறை பார்க்க வந்த சோங் ஹுய் என்ற பெரிய மனிதரை, ஜி காங் இரும்படித்துக்கொண்டே கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். அந்த ஆள் நேரம் பார்த்து ஆட்சியாளர் சீமா ஜாவின் காதில் ஓதினார். 262 வாக்கில் லோயாங்கின் கிழக்குச் சந்தையில் தண்டனை. மூவாயிரம் மாணவர்கள் மன்றாடியும் பலனில்லை.

அங்கே குசினை வாங்கி வாசித்தபோது அவர் அழுததாகப் பழைய குறிப்புகளில் இல்லை. முகம் மாறவில்லை என்றே இருக்கிறது. யுவான் என்பவர் கற்றுத்தரக் கேட்டும் தான் மறுத்துவிட்டதைச் சொல்லி, குவாங்லிங் சான் இன்றோடு முடிந்தது என்றாராம். எனக்கு அது சாகப்போகிறவனின் துக்கமாகப் படவில்லை. சீடனில்லாத வித்வானின் வருத்தம், அவ்வளவுதான்.

முடியவும் இல்லை. 1425-இல் மிங் வம்ச இளவரசர் சூ சுவான் தொகுத்த நூலில் அதே பெயரில் 45 பகுதிகளாக ஓர் இசை இருக்கிறது. விரலை எங்கே வைப்பது என்று அதில் உண்டு, தாளம் இல்லை. குசின் கலைஞர் குவான் பிங்ஹூ 1950களில் அதை உட்கார்ந்து மீட்டெடுத்தார். நீங்கள் கேட்டது அவர் வாசித்ததா? இருபது நிமிடத்துக்கு மேல் போகும். இன்னொரு முறை, அந்த இரண்டு தந்திகளை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.